அடிப்பவனும் அடிவாங்கியவன்தானா? இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும் குழந்தைகள்

மதுரை திருநகரில் இருந்து கொஞ்ச தூரம்தான் செக்கானூரணி. 2025 செப்டம்பரில், அங்குள்ள அரசு ஐடிஐ விடுதியில் ஒரு மாணவரை சக மாணவர்கள் ஆடையைக் களைந்து துன்புறுத்தும் வீடியோ பரவியது. மூன்று சிறுவர்கள் மீது வழக்கு, விடுதிக் காப்பாளர் சஸ்பெண்ட். அதோடு செய்தி ஓய்ந்துவிட்டது.

இந்த வழக்கில் யார் என்ன செய்தார்கள் என்பதை விசாரணை சொல்லட்டும். ஆனால் இப்படி ஒவ்வொரு முறையும் நம் கண்ணில் படுவது அடிச்சவன், அடிவாங்கினவன் என இரண்டு பேர்தான். சீனியரிடம் அடிவாங்கி ஜூனியரை அடிக்கும் மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான். 'நாங்க பட்டோம்ல, நீங்களும் படுங்க' என்பது விடுதிகளில் பழைய வசனம்.

அவனுக்கு என்ன ஆகும்?

அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் 1,420 குழந்தைகளை 9 வயது முதல் 16 வயது வரை கவனித்து, வளர்ந்த பிறகும் பின்தொடர்ந்தது வில்லியம் கோப்லேண்ட் குழு. 2013-ல் வெளியான முடிவு இது: அடி மட்டும் வாங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் பதற்ற நோய்கள் அதிகம். இரண்டுமாக இருந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். மனச்சோர்வு, திடீர் பீதித் தாக்குதல், ஆண்களிடம் தற்கொலை எண்ணம். குடும்பக் கஷ்டங்களைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்த வித்தியாசம் மறையவில்லை.

காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. அடிவாங்குபவனுக்கு அனுதாபம் கிடைக்கும், அடிப்பவனுக்கு கேங் இருக்கும். இவனுக்கு ரெண்டும் இல்லை. டீச்சருக்கும் இவன் 'பிரச்னை பண்ற பையன்', அவ்வளவுதான்.

சட்டம் என்ன கேட்கிறது?

மருத்துவ மாணவர் நாவரசு 1996-ல் கொல்லப்பட்ட பின், 1997-ல் வந்த தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் தண்டனையைப் பேசுகிறது. சிறார் நீதிச் சட்டம் 2015 இன்னொரு கேள்வியையும் கேட்கிறது. வழக்கில் சிக்கிய சிறுவனின் வீடு, பள்ளி, நட்பு எல்லாவற்றையும் விசாரித்து நன்னடத்தை அலுவலர் சமூகப் புலனாய்வு அறிக்கை தர வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விசாரிப்பு போலீஸ் வரை போனால்தான் கிடைக்கும். பள்ளிக்குள்ளேயே முடியும் சண்டைகளில் பெரும்பாலும் பெற்றோரை வரச்சொல்வார்கள், மன்னிப்புக் கடிதம் வாங்குவார்கள். மீறினால் டிசி. 'உன்னை யாருடா அடிச்சது?' என்று கேட்க அந்த நடைமுறையில் இடமே இல்லை. டிசி வாங்கிய பையன் அடுத்த பள்ளியில் புதுப் பையன், அங்கே மறுபடி அடிவாங்கும் இடத்தில் நிற்கிறான்.

வீட்டில் கேட்கலாம். சட்டை கிழிந்து வந்த நாளில் மட்டுமல்ல, புகார் வந்த நாளிலும். உதவிக்கு: குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் 24 மணி நேரமும் இலவசம்.