பாண்டியர் பேரரசும் பஞ்சாயத்துத் தேர்தலும்

தென்காசி கோயிலைப் பார்ப்பவர்கள் பாண்டியர் பெருமையைப் பேசுவார்கள். ஆனால் அது மதுரையை இழந்த பாண்டியர்கள் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில். மதுரை ஏன் கைவிட்டுப் போனது? மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்குப் பிறகு அரியணை யாருக்கு என்று சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டைக்கு நடுவில்தான் 1311இல் மாலிக் காபூரின் படை வந்தது. அடுத்து ஆள்வது யார் என்பதை வாள்தான் முடிவு செய்தது. அதுவே பேரரசின் பலவீனம்.

ஜனநாயகம் இதற்குக் கண்ட மருந்து, குறித்த காலத்தில் தேர்தல். மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிட்டால்தானே குணமாகும்?

ஐந்தாண்டு முடிவதற்குள் உள்ளாட்சித் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. தென்காசி மாவட்டக் கிராமங்கள் ஓட்டுப் போட்டது 2021 அக்டோபரில். குற்றாலம் பேரூராட்சி 2022 பிப்ரவரியில். சீசன் கூட்டமும் குப்பையும் காத்திருக்கவில்லை. ஆனால் அவற்றைப் பற்றிக் கேள்வி கேட்க வார்டு உறுப்பினர் இல்லை. தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள்.

அப்படியானால் இரண்டும் ஒன்றா? இல்லை. பாண்டியர் காலத்துக் குடியானவன் வாரிசுச் சண்டைக்கு எதிராக எங்கும் வழக்குப் போட முடியாது. இங்கே வழக்குப் போட்டார்கள்; உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது; தேர்தல் நடந்தது. பழுதுபார்க்கும் வழி ஜனநாயகத்துக்குள்ளேயே இருக்கிறது. கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தென்காசி கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதைப் பழுதுபார்த்துக் காப்பவர்களை வணங்குவதாகக் கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். கட்டுவதைவிடக் காப்பது கடினம் என்பது இழந்தவனுக்குத் தெரிந்திருந்தது. ஓட்டுரிமை உள்ளவர்களுக்கும் அது தெரிய வேண்டும்.