மிதிவண்டியிலிருந்து இறங்குங்கள்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியே மேற்கு நோக்கி வருபவர்க்கு ஆண்டிபட்டிக் கணவாய் ஒரு வாசல். பேருந்தில் வருவோர் அதனைத் தூக்கத்திலேயே கடந்துவிடுவர். மிதிவண்டியில் வருவோர்க்கோ ஏற்றத்தின் ஒவ்வோர் அடியும் மூச்சில் தெரியும். கொச்சியில் தொடங்கி மூணாறு, போடிமெட்டு, தேனி வழியாகத் தொண்டிவரை நீளும் தேசிய நெடுஞ்சாலை 85 இவ்வூரை ஊடுருவிச் செல்வதால், தலைக்கவசமும் வண்ணச் சட்டையும் அணிந்த மிதிவண்டிக் கூட்டங்களை இங்குள்ள தேநீர்க் கடைக்காரர்கள் அவ்வப்போது காண்கிறார்கள். அவருள் சிலர் விளையாட்டுக்காக மிதிப்பவர். அவர்களோடு நமக்கு வழக்கில்லை. வேறு சிலர் அறத்துக்காக மிதிப்பவர். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நண்பரிடமும் நிறுவனங்களிடமும் நன்கொடை பேசிக்கொண்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிதித்து, வழியில் ஓர் ஊரில் ஒரு நாள் இறங்கிச் செங்கல் சுமந்து, ஏழையின் வீட்டுக்குச் சுவர் எழுப்பிவிட்டு மேலே செல்வது உலகின் பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கத்தின்மீதுதான் என் வழக்கு.

இதன் ஊற்றுக்கண் தூயது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவின் மில்லர்டு ஃபுல்லர் பெரும்பொருள் ஈட்டிய வழக்கறிஞர். 1965இல் மனைவியோடு கலந்து பேசிச் செல்வத்தைத் துறந்தார். 1976இல் அவ்விருவரும் தொடங்கிய இயக்கமே இன்று நம் நாட்டிலும் அறியப்பட்ட ‘ஹேபிடட்’. 1983இல் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் ஊரிலிருந்து இண்டியானாபொலிஸ்வரை ஏறக்குறைய 700 மைல் நடந்தே சென்று, வீடற்றோர்க்காகப் பணம் திரட்டினார். பின்னர் அவ்வமைப்பிலிருந்து விலக்கப்பட்டு, 2005இல் தம் பெயரால் வேறோர் அமைப்பைத் தொடங்கினார். அவ்வமைப்பு 2008 முதல் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணங்களை நடத்தியது. மிதிக்கும் நாள்களுக்கிடையே கட்டும் நாள்களும் வைத்தது. ஆனால் ஃபுல்லரின் வீடுகள் இலவசமல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். வட்டியில்லாக் கடன், இலாபமில்லா விலை, வீட்டுக்குரியவர் தம் உழைப்பையும் குறித்த மணிநேரம் தந்தாக வேண்டும். தொண்டர் அங்கே வீட்டுக்காரரின் பக்கத்தில் நின்று கல் எடுத்துக் கொடுப்பவரேயன்றி வள்ளல் அல்லர். அக்கருத்து கடல் கடந்தும் காலம் கடந்தும் வருகையில் தேய்ந்து, மிதிவண்டியும் நிழற்படமும் மட்டும் எஞ்சிவிட்டன.

சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டிபட்டிக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூரில் நான் கண்டதைச் சொல்கிறேன். அக்குழுவின் பெயர் வேண்டாம், நல்ல பிள்ளைகள். காலை பத்து மணிக்கு வந்தனர். வரவேற்பு, மாலை, இளநீர் எல்லாம் முடியப் பதினொன்றாயிற்று. பின் சாந்துச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிச் சுவர் எழுப்பினர். பாதிச் சாந்து தரையில். மாலையில் கொடியசைத்து வழியனுப்பினோம். மறுநாள் காலை கொத்தனார் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மூன்று வரிசைக் கல்லைப் பிரித்துப் போட்டார். வழக்கமாக அவரோடு வரும் சித்தாள் பெண்கள் நால்வரை, தொண்டர்கள் வரும் நாளில் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தனர். அவர்களுள் மூத்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “அவுக கல்லுத் தூக்குனத ஓரமா நின்னு பாத்தேன் அய்யா. பாவம், பழக்கமில்லாத கை. நல்ல மனசுதேன். ஆனா எனக்கு அன்னிக்குக் கூலி இல்ல,” என்றார். குறையாகச் சொல்லவில்லை, வெயில் அதிகம் என்பதுபோலச் சொன்னார்.

நான்கு பெண்களின் ஒரு நாள் கூலி! பெருந்தொகை அன்று என்பீர்கள். மழையை நம்பிய புன்செய்யும் தறிச் சத்தமும் கட்டட வேலையுமே பிழைப்பாக உள்ள இவ்வட்டாரத்தில் வேலையற்ற ஒரு நாள் என்பது அடுப்பில் தெரியும். அன்று வந்த மிதிவண்டிகளைப் பற்றியும் ஒரு சொல். பந்தயத்துக்கான வெளிநாட்டு மிதிவண்டிகளுள் மூன்று இலட்சம் ரூபாயைத் தாண்டுபவை உண்டு. தமிழக அரசு 2024இல் அறிவித்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் 360 சதுர அடி வீடொன்றுக்கு வழங்கப்படும் தொகை 3.50 இலட்சம். ஒரு மனிதன் கால்களுக்கிடையே ஒரு குடும்பத்தின் வீடு உருண்டு செல்கிறது. (இது மலிவான கணக்கு என்று நண்பரொருவர் கடிந்துகொண்டார். இருக்கலாம். ஆயினும் கணக்கு பிழையன்று.)

மிதிவண்டியை நான் பழிக்கவில்லை. அது ஏழையின் வாகனம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது எழுத்தோடு மிதிவண்டியும் கற்ற சிற்றூர்ப் பெண்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் சுமந்து, யாரையும் எதிர்பாராமல் போய்வரும் உரிமையை இரண்டு சக்கரங்கள் அவர்களுக்குத் தந்தன. அங்கே ஏழையே மிதித்தாள், தனக்காக மிதித்தாள்.

மிதிவண்டியைப் போற்றியவருள் தலையாயவர் இவான் இல்லிச். நடப்பவனைவிட மூன்று நான்கு மடங்கு விரைவாக, ஆனால் ஐந்திலொரு பங்கு ஆற்றலிலேயே மனிதனைக் கொண்டு செல்லும் கருவி அது என்று 1970களில் எழுதினார். அதே மனிதர், குருவாயிருந்த காலத்தில், 1968 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோவின் குவெர்னவாக்காவில், தொண்டுசெய்ய வந்த அமெரிக்க மாணவர்களைப் பார்த்து, ஊர் பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், கற்றுக்கொள்ள வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் முகத்துக்கு நேரே சொன்னார். உங்கள் நல்லெண்ணம் எங்களுக்குச் சுமை என்பது அவர் கூற்றின் சாரம். அவ்வுரையைப் படிக்கும்போதெல்லாம் நான் மகிழ்ந்து தலையசைப்பேன், பிறகு கூசுவேன். வராதீர்கள் என்று சொல்ல இல்லிச்சுக்கு உரிமை இருந்தது. அவர் அங்கே வாழ்ந்தார். மின்விசிறிக் காற்றில் அமர்ந்து அதையே வழிமொழியும் எனக்கு என்ன உரிமை? வரவேண்டாம் என்ற சொல், எந்நாளும் வர எண்ணியிராதவர்க்கு எவ்வளவு வசதியானது! என் வழக்கு மிதிவண்டிக்காரரோடு மட்டும் அன்று. அவர்களை எள்ளி நகையாடிவிட்டு வீட்டில் இருந்துவிடும் நம்மோடும்தான்.

வந்து, கட்டி, யாரையும் சிறுமைப்படுத்தாமல் சென்றோர் இல்லையா? சுவிட்சர்லாந்தின் பொறியாளர் பியர் செரேசோல், முதல் உலகப் போர் சிதைத்த வெர்தன் அருகே எஸ்ன் என்னும் சிற்றூரில் 1920இல் தொண்டர்களோடு குடில் கட்டினார். நேற்றுவரை பகைவராயிருந்த ஜெர்மானியரும் அக்குழுவில் இருந்தனர். 1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் குலைத்தபோது அவர் இந்தியாவுக்கு வந்தார். இடையிடையே நாடு திரும்பினாலும் 1937வரை மீண்டும் மீண்டும் வந்து, ஊர்களை மறுபடி எழுப்பும் பணியில் மண்வெட்டி பிடித்தார். நம்மிடையே வாழ்ந்த இயேசு சபைக் குரு பியர் செராக்கையும் மறப்பதற்கில்லை. 1937இல் இந்தியா வந்தவர், 2012இல் சென்னையில் மறைந்தார். கத்தோலிக்க மாணவர் இயக்கமான அய்க்கஃபின் வழிகாட்டியாகக் கல்லூரிப் பிள்ளைகளை வேலை முகாம்களுக்கு அழைத்துச் சென்றார். மானாமதுரையின் வறண்ட மண்ணில் ஆயிரம் கிணறுகள் என்று கனவு கண்டு இறங்கினார். இவ்விருவரிடமும் இருந்தது நேரம். ஒரு நாளன்று, ஆண்டுகள். நேரத்தைத் தராமல் வியர்வையை மட்டும் தருவது உடற்பயிற்சி.

நல்ல சமாரியர் உவமையை நாம் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம்; அதிலுள்ள பணக்கணக்கைக் கவனிப்பதில்லை. அவர் தம் விலங்கிலிருந்து இறங்கி, அடிபட்டவரை அதன்மேல் ஏற்றினார். தம்மால் இயன்ற முதலுதவி செய்தார்; அதற்குமேல் தாமே மருத்துவராக முனையவில்லை. சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, பார்த்துக்கொள்ளும்படி சொன்னார். தொழிலறிந்தவருக்கு உரிய கூலி. மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றார். திரும்பி வருவதாகச் சொன்னார் என்பதைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். அவர் பெயர் என்ன? சொல்லப்படவில்லை.

பணம் வருகிறதே, அதைக் கெடுக்கலாமா என்று கேட்பர். வரட்டும். அந்த நாற்பது பேரும் ஒரு நாளில் எழுப்பும் சுவரைவிட அவர்கள் திரட்டும் பணம் பெரிது என்பதை நானும் அறிவேன். அப்படியானால் ஒன்றைக் கேட்கிறேன்: நெருங்கிய நண்பன் 800 கிலோமீட்டர் மிதித்து மூச்சிரைத்தாலன்றி ஏன் நம் பணப்பை திறப்பதில்லை? ஏழையின் தேவை அறிந்து கொடுக்காமல் நண்பனின் சாதனைக்காகக் கொடுத்தால், அடுத்த ஆண்டு அவனுக்கு முழங்கால் வலி வந்ததும் நின்றுபோவது ஏழையின் கூரை.

ஆதலால், வருபவர் தை பிறந்தபின் வரட்டும். கணவாய்க் காற்று இதமாயிருக்கும். பதாகையை மதுரையிலேயே மடித்து வைக்கட்டும். ஒரு நாளுக்குப் பதில் ஒரு மாதம் தங்கட்டும். முடியாதவர் பணத்தை மட்டும் அனுப்பட்டும், அதில் இழிவில்லை. வேலைத்தளத்தில் சித்தாளுக்கு விடுப்புக் கொடுக்க வேண்டாம். அவரை மேற்பார்வையாளராக நிறுத்தி, வழக்கமான கூலிக்கு மேல் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கட்டும். சாந்து எவ்வளவு இளக்கமாக இருக்கவேண்டும், சட்டியை இடுப்பில் எப்படி அணைப்பது, கல்லை எப்படி நனைப்பது என்று அந்த அம்மாள் சொல்லித் தரட்டும். பிழை செய்தால் அதட்டட்டும். கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கும்போது அவர்களும் அருகில் நிற்கட்டும். பிரிக்கச் சொன்னால் தாமே பிரிக்கட்டும். அடுத்த தையிலும் வந்து, அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கூரை ஒழுகுகிறதா என்று கேட்கட்டும். அந்நாளில் இளநீர் வெட்டித் தர நானே வருகிறேன்.