கபடிக் கோட்டைச் சட்டசபையில் போடலாமா?

அமெரிக்காவில் பசிபிக் கடலோரம் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் அணிகள் பெரும்பாலும் 2024 முதல் ‘அட்லாண்டிக் கடற்கரை’ சங்கத்தில் ஆடுகின்றன. ராமேஸ்வரத்துப் பிள்ளைகள் குஜராத் லீக்கில் ஆடுகிற மாதிரி. எல்லாம் டிவி பணம். 1915-இல் தொடங்கிய பசிபிக் சங்கத்தில் அந்த ஆண்டு மிஞ்சியது இரண்டே பல்கலைக்கழகங்கள். படித்துவிட்டுச் சிரிக்கிறோம். நம் வீட்டிலும் இதே கூத்துதான், காரணம் மட்டும் வேறு.

நம் ஊர் அரசு கலைக் கல்லூரி முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அதில் சேர்ந்தன. அந்தப் பிரிவினையை நான் குறை சொல்ல மாட்டேன். கபடி அணிக்கு 12 பேர்தான். செங்கத்துப் பையன் சென்னைக் கல்லூரிப் பையன்களோடு முட்டி மோதி அந்த 12-இல் ஒருவனாக வருவது லேசுப்பட்ட காரியமா?

அந்த இடம் ஏன் முக்கியம் என்று விளையாட்டுப் பழக்கமில்லாத அன்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிகளுக்குள் ஆடும் ஆட்டத்தைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணியைப் பொறுக்குகிறார்கள். அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும், அதில் தேறினால் அகில இந்தியப் போட்டி. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் மத்திய அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போடலாம். மூன்று ஏக்கர் மானாவாரிக்காரன் மகனுக்கு அது சோறு.

2021 பிப்ரவரியில், தேர்தல் வாசலில் நின்றுகொண்டு, விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் போட்டார்கள். ஆட்சி மாறியது. ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரத்தோடு போயின. நாம் வேலூரோடு நின்றோம். (அண்ணாமலை ஊரில் இருக்கும் நாம் திருவள்ளுவரில், அவர்கள் அண்ணாமலையில்! பெயர்ப் பொருத்தம் பார்த்தால்கூட தப்பு.) இரண்டு தடவையும் நம் காதில் விழுந்தது பெயர்ச் சண்டை மட்டும்தான். எந்தக் கல்லூரி இனி எந்தக் கல்லூரியோடு ஆடும் என்ற பேச்சு என் காதில் விழவே இல்லை.

விழுப்புரம் நமக்கு 60 கிலோமீட்டர் சொச்சம். வேலூர் அதைவிடத் தூரம். செஞ்சிக்கு டீ குடிக்கப் போய் வரலாம். ஆனால் பல்கலைக்கழகப் போட்டியில் நம் பையன் விழுப்புரம், கடலூர் கல்லூரிகளைக் கண்ணால் பார்க்க மாட்டான். கடலூர் பக்கத்துக் கபடி எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிடி விழுந்தால் எலும்பு பேசும்! அந்தப் பிடியை வாங்கிப் பழகினவன்தான் தென்மண்டலத்தில் நிற்பான்.

“பிரித்ததால் ஒரு அணி இரண்டு அணி ஆயிற்று, 12 இடம் 24 ஆயிற்று, நல்லதுதானே?” என்பார்கள். நல்லதுதான். தனித்தனி அணி இருக்கட்டும், நான் அதைக் கலைக்கச் சொல்லவில்லை. நல்ல எதிராளியையும் சேர்த்து ஏன் பிரித்தீர்கள் என்றுதான் கேட்கிறேன். இன்னொரு பக்கம் பாருங்கள். சென்னையைச் சுற்றியுள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சொந்த அணியை நேராகத் தென்மண்டலத்துக்கு அனுப்புகின்றன. நன்றாக ஆடுகிற பையனுக்குப் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு இலவசம். போகிறவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் போக வழியில்லாமல் நம் அரசுக் கல்லூரியில் மிஞ்சுகிறவனுக்கு ஆட ஆள் வேண்டாமா?

இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி அணிகள் மாவட்டவாரியாகத்தானே ஆடுகின்றன? அங்கே எந்தப் பல்கலைக்கழகம் என்று யாரும் கேட்பதில்லை. அதேபோல் திருவள்ளுவரும் அண்ணாமலையும் சேர்ந்து, அணித் தேர்வுக்கு முந்தைய மாதம், பக்கத்துக் கல்லூரிகளுக்கு ஒரு கோப்பை நடத்தட்டும். இரண்டு துணைவேந்தர்கள் கையெழுத்துப் போட்டால் முடிகிற காரியம். ஒரு வருஷம் விழுப்புரத்தில், மறு வருஷம் நம் ஊரில். பௌர்ணமி தேதியை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள், அன்றைக்கு ஊருக்குள் பஸ் வராது.