பட்டினி மருந்தாகாது

புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன மறுநாளே, பல வீடுகளில் சர்க்கரை டப்பா அடுக்களையை விட்டு அகற்றப்படுகிறது, சோறு கால் வயிறாகிறது, பழமும் விலக்காகிறது. கட்டியைப் பட்டினி போட்டே கொன்றுவிடலாம் என்கின்றன கைப்பேசிச் செய்திகள். ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று காய்ச்சலுக்குச் சொல்லி வந்ததைப் புற்றுக்கும் பொருத்துவது பெரும்பிழை.

இந்த நம்பிக்கையின் வேர் மெய்யானதே. உயிர்வளி தாராளமாய்க் கிடைக்கும்போதும் புற்றணுக்கள் குளுக்கோஸை விழுங்கி லாக்டிக் அமிலமாகக் கழிக்கின்றன என்பதை 1920களில் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் கண்டறிந்தார். இன்று பெட் ஸ்கேன் எடுக்கும்முன், கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸைச் செலுத்தி நோயாளியை ஏறத்தாழ ஒரு மணி நேரம் அசையாதிருக்கச் செய்கிறார்கள். படத்தில் கட்டி ஒளிர்கிறது. மூளையும் ஒளிர்கிறது, அதை எவரும் பகிர்வதில்லை.

உயிரணுவுக்குள் சென்ற சத்து எரிந்து தீர்வதோடு நிற்பதில்லை. எந்த மரபணு வாய் திறக்கலாம் என்பதிலும் தலையிடுகிறது. மரபிழை ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளில் சுற்றிக் கிடக்கிறது. குளுக்கோஸ் சிதைவில் பிறக்கும் அசெட்டைல் துணுக்கு அவ்வுருளையில் ஒட்டினால் சுருள் தளர்ந்து, அங்குள்ள மரபணு இயங்கத் தொடங்கும். மெத்தியோனின் தரும் மெத்தில் துணுக்கோ பல இடங்களில் மரபணுவின் வாயைக் கட்டிவிடும்.

சில மூளைக்கட்டிகளில் ஐடிஹெச்1 என்னும் நொதி திரிந்திருப்பது 2008இல் தெரிந்தது. திரிந்த அந்நொதி 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற பொருளைக் குவிக்கிறது என்பது அடுத்த ஆண்டு வெளிப்பட்டது. மெத்தில் குறிகளைத் துடைக்கும் நொதிகளை இப்பொருள் முடக்குகிறது. துடைப்பார் இல்லாமல் குறிகள் தேங்குகின்றன. உயிரணு முதிர்ச்சி அடையாமலே பெருகுகிறது. இதே திரிபுடைய இரத்தப் புற்றுக்கு 2018இல் அமெரிக்கா ஏற்ற ஐவோசிடெனிப் மாத்திரை அந்நொதியை அடக்குகிறது. பச்சிளம் அணுக்கள் அதன்பின் முதிரத் தொடங்குகின்றன. கொல்லாமல் வளர்த்துவிடும் இம்மருந்து நம்மை வியக்க வைக்கிறது.

ஒரு நொதியை அடைப்பது வேறு, உடம்பைப் பட்டினி போடுவது வேறு. உணவு நின்றால் கல்லீரல் தசையைக் கரைத்தேனும் குளுக்கோஸ் ஆக்கிவிடும். கட்டி உண்ணும், மெலிபவர் நோயாளி. மெலிந்த உடம்பு கீமோவைத் தாங்காது.

ஆகவே புற்றுநோய்ப் பிரிவுதோறும் உணவியல் வல்லுநர் அமர்த்தப்படவேண்டும். ஒவ்வொரு வருகையிலும் நோயாளியின் எடை குறிக்கப்படவேண்டும். நீரிழிவும் உடையவர்க்குரிய கட்டுப்பாடு தனி. அதை மருத்துவரே வகுக்கட்டும், பக்கத்து வீட்டார் அல்லர்.