30 மில்லிமீட்டர் வீரம்

அண்ணா நகர் இரண்டாவது அவென்யூவில் பாறை கிடையாது. மணல்மேடு கிடையாது. பெருமழை பெய்தால் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே நின்று பாருங்கள். தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி என்று இமயமலைக்குப் புறப்பட்ட மாதிரி வரும். கம்பெனி கொடுத்த டயர் ஒன்றிலும் இருக்காது. மட்கார்டைத் தாண்டி நாலு விரல் துருத்திக்கொண்டு, கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த ராட்சச டயர்கள்.

கேட்டால், “என் வண்டி, என் காசு. உங்களுக்கென்ன சார்?” என்பார்கள்.

எனக்கென்ன என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் கணக்கு. 2020-ல் வந்த தாரில் 16 அங்குல ரிம் மாடலுக்குக் கம்பெனி போட்டுக் கொடுத்தது 245/75 ஆர் 16. குறுக்களவு சுமார் 774 மி.மீ. அதைக் கழற்றிக் கடாசிவிட்டு நம் ஆள் மாட்டுவது 285/75 ஆர் 16. கடைப் பாஷையில் ‘33 இன்ச்’. குறுக்களவு 834. ஆக, 60 மி.மீ. கூடுதல். ஆனால், வண்டியின் வயிறு தரையிலிருந்து உயர்வது அதில் பாதிதான். 30 மில்லிமீட்டர்! இரண்டு விரல் கனம்கூட முழுசாக வராது. இந்த உயரத்துக்காகத்தான் இத்தனை ஆயிரம் செலவு.

பதிலுக்கு என்ன போகிறது? சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி இப்போது ஏறக்குறைய 8 சதவிகிதம் அதிக தூரம் போகும். இது ஸ்பீடாமீட்டருக்குத் தெரியாது. முன்பு 86 காட்டியிருக்க வேண்டிய இடத்தில் முள் 80-ல் நிற்கும். லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி கிட்டத்தட்ட 93,000 என்று காட்டும். பி.காம். படித்தவன் நான். எங்கள் ஊர் பாஷையில் இதற்குப் பெயர் கணக்கில் கை வைப்பது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் தலையில்தான் இது விடியும்.

அதைக்கூட விட்டுவிடலாம். பிரேக்கை விட முடியாது. டிஸ்க் அதேதான், பேட் அதேதான். அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரம் மட்டும் பெரிசு, கனம். அதே அழுத்தத்தில் மிதித்தால் தரையில் கிடைக்கிற நிறுத்துவிசை சுமார் 7 சதவிகிதம் குறைந்துபோகும். பற்றாததற்கு, சேற்றுக்கென்று செய்த டயரில் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே அகலப் பள்ளம். சேற்றில் அது வரம். மழை நனைத்த தார் ரோட்டில், ரோட்டைத் தொடும் ரப்பரே கம்மி. முன்னால் ஸ்கூட்டியில் பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப் போகிற அம்மாவுக்கு இந்த 7 சதவிகிதம் பற்றி யாராவது சொன்னார்களா?

டயர் உரசுகிறதே என்று அடுத்து சஸ்பென்ஷனைத் தூக்குவார்கள். பம்பர் மேலே போகும். ஹெட்லைட் நேராக எதிரே வரும் டூவீலர்காரர் கண்ணுக்குள் அடிக்கும். என் வண்டி, என் காசு... கண் மட்டும் அவருடையது!

“மலையேற வேண்டாமா சார்?” ஏறலாமே. போடி, கம்பம் பக்கம் போய்ப் பாருங்கள். இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பாருங்கள் (அளவுக்கு மீறி ஆள் ஏற்றும் பாவம் தனிக்கதை). இரண்டாம் உலகப் போரில் சேறும் பனியும் மணலும் பார்த்த வில்லிஸ் ஜீப்பின் டயர் 6.00-16. அகலம் ஆறே அங்குலம். காரியத்தைச் சாதித்தது நாலு சக்கர இழுவையும் லோ கியரும், ஓட்டுகிறவர் காலும்தான். மணலில் சிக்கினால் அனுபவஸ்தர்கள் முதலில் செய்வது காற்றை இறக்குவது. 30-லிருந்து 18-க்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து தானாக மிதந்து வரும். செலவு பூஜ்யம். திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் காற்று அடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால், இறக்கிய காற்றை இன்ஸ்டாகிராமில் போட முடியாதே!

வெள்ளம் வந்தால் உதவுமே என்பது இன்னொரு சாக்கு. இன்ஜினுக்குக் காற்று போகும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் அங்கே முக்கியம். 30 மி.மீ. அந்த வாய்க்குப் பெரிய பாதுகாப்பு அல்ல.

அமெரிக்காவில் ஜீப் கம்பெனியே 2021-ல் ரேங்ளர் ரூபிகானுக்கு 33-க்குப் பதில் 35 இன்ச் டயர் கொடுத்தது. அதற்காக சஸ்பென்ஷனை ஒன்றரை அங்குலம் உயர்த்தி, டிஃபரன்ஷியல் பல்சக்கர விகிதத்தை மாற்றி, பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் கீலைக்கூட பலப்படுத்தினார்கள். இரண்டே அங்குலத்துக்கு இவ்வளவு! நம் ஊரில் டயர் கடைக்காரர் ஸ்பேனர் எடுத்தார் என்றால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. தயாரிப்பாளர் குறித்த விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். படிக்க பயங்கரமாக இருக்கிறது. ஆனால், சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதுவரை அந்த டயரை ஆர்.டி.ஓ. ஆபீஸில் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

நிஜமான பாலைவனம் வைத்திருக்கும் ஆஸ்திரேலியா இதற்கு ஒரு நம்பர் வைத்திருக்கிறது. இந்த வகைப் பயணி வண்டிகளுக்குக் குறுக்களவில் 50 மி.மீ. வரை கூட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் இன்ஜினீயரின் சான்றிதழ் வேண்டும். நம் சனிக்கிழமை வீரர்களின் 60 அங்கேயே தேறாது. அரசாங்கம் இங்கேயும் ஒரு நம்பர் சொல்லட்டும். டயர் கடை பில்லில் வண்டி நம்பரையும் பழைய அளவு, புது அளவையும் எழுதச் சொல்லட்டும். அளவு மீறினால், பிரேக் போட்டுப் பார்த்த இன்ஜினீயர் ஒருவர் தன் பெயரோடு கையெழுத்துப் போடட்டும். எத்தனை பேர் பேனாவை எடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.