காட்டுக்குப் போவோம், கணக்கும் எடுப்போம்

பள்ளி விடுமுறை நெருங்கினால் ஈப்போ வீடுகளில் ஒரே விவாதம்தான். கேமரன் மலையா, பினாங்கா, லங்காவியா? பிள்ளைகள் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், செலவை நினைத்துக்கொண்டு அப்பா ஒரு பக்கம். இந்தப் பட்டியலில் நம் மாநிலத்தின் வடக்கே இருக்கும் ஒரு பெயர் மட்டும் வருவதே இல்லை. அதுதான் பெலும்–தெமெங்கோர் காடு.

அது சின்னக் காடு இல்லை, ஏறக்குறைய மூன்று லட்சம் ஹெக்டர். சிங்கப்பூரைப் போல நான்கு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதன் வட பகுதியான ராயல் பெலும், 2007-ஆம் ஆண்டு மாநிலப் பூங்காவாக அரசிதழில் பதிவானது. மலாயாப் புலி, யானை, தாப்பிர் எல்லாம் அங்கே உண்டு. மலேசியாவில் காணப்படும் பத்து வகை இருவாச்சிப் பறவைகளும் அந்த ஒரே காட்டில் இருக்கின்றன.

சரி, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறீர்களா? போகலாம். ஆனால் இப்போது பல இளைஞர்கள் இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள்: "போறதுதான் போறோம், அந்தக் காட்டுக்கு நம்மால ஏதாவது உபயோகம் உண்டா?" உண்டு. ஆய்வாளர்களுக்கு உதவும் தன்னார்வப் பயணம் அதற்கு ஒரு வழி. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

எண்ணுவதும் ஒரு வேலைதான்

ஆய்வு என்றதும் வெள்ளை அங்கி, நுண்ணோக்கி என்று பயப்பட வேண்டாம். காட்டில் பெரும்பாலான ஆய்வு உட்கார்ந்து எண்ணுவதுதான்.

தெமெங்கோர் பகுதியில் மலேசிய இயற்கைச் சங்கம் தன்னார்வலர்களை அழைத்துச் சென்று நடத்திய இருவாச்சிக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஒரு வகை இருவாச்சி அங்கே கூட்டம் கூட்டமாகப் பறக்கும். ஒரே நாளில் 2,000-க்கும் மேல் எண்ணப்பட்டதுண்டு. விடியற்காலையிலும் மாலையிலும் வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் உட்கார்ந்து எத்தனை பறவை, எந்தத் திசை, எத்தனை மணி என்று எழுத வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இதே உருவத்தில் இன்னொரு இருவாச்சியும் அங்கே உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் தொண்டைப் பையில் இருக்கிறது. ஒன்றின் பையில் கறுப்புக் கோடு இருக்கும், மற்றதில் இருக்காது. பை மஞ்சளாக இருந்தால் ஆண், நீலமாக இருந்தால் பெண். தலைக்கு மேல் பறந்து போகும் சில நொடிகளில் இதையெல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் நல்ல அமைப்புகள் முதலில் பயிற்சி கொடுக்கின்றன.

இருவாச்சிப் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் பறவைதான் சிறு இடுக்கு வழியாக உணவு ஊட்டும். அந்த அளவுக்குப் பெரிய பொந்து வேண்டுமானால் மரம் வயதான பெரிய மரமாக இருக்க வேண்டும். ஆகவே இருவாச்சியின் எண்ணிக்கை காட்டின் நலத்தையும் சேர்த்துச் சொல்லும்.

புலிக்காக ஒரு நடை

நாடு தழுவிய முதல் புலிக் கணக்கெடுப்பு 2016 முதல் 2020 வரை நடந்தது. நம் காடுகளில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்றது அதன் முடிவு. ஒரு சில பேருந்துகளில் ஏற்றிவிடக்கூடிய அளவுக்குள் நாம் தேசியச் சின்னத்தில் வைத்திருக்கும் விலங்கு வந்து நிற்கிறது. புலிக்கு இன்று பெரிய எமன் கம்பிக் கண்ணி. விலை மலிவு, வைப்பது சுலபம், புலி, மான், யானைக்குட்டி என்று எது மாட்டினாலும் விடாது.

இதற்காகத் தொடங்கப்பட்டதுதான் மைகேட் கூட்டமைப்பின் 'கேட் வாக்'. 2010-இல் ஆரம்பித்தது. பகாங்கில் மெராப்போ அருகே, தாமான் நெகாராவையும் டிட்டிவாங்சா மலைத்தொடரையும் இணைக்கும் சுங்கை யூ காட்டுப் பாதையில் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்றவர்களோடு நடப்பார்கள். விலங்குத் தடங்களைப் பதிவு செய்வார்கள், கண்ணி இருந்தால் அகற்ற உதவுவார்கள். ஆள் நடமாட்டம் இருப்பதே வேட்டைக்காரனுக்குத் தொல்லை. ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய், கேமரன் மலை, குவா மூசாங் வழியாகப் போய்விடலாம்.

ராயல் பெலும் காட்டுக்குள் இந்தக் காவலை முன்னின்று செய்பவர்களில் ஜஹாய் பூர்வக்குடியினர் இருக்கிறார்கள். அந்தக் காடே அவர்கள் வீடு. நாம் போவது அவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாக என்பது மனத்தில் இருக்கட்டும்.

பணம் கட்டும் முன்

தன்னார்வப் பயணம் என்ற பெயரில் வெறும் சுற்றுலாவை விற்பவர்களும் உண்டு. ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று: நாங்கள் எடுக்கும் கணக்கு யாருக்குப் போகிறது? பல்கலைக்கழகமா, வனவிலங்குத் துறையா, பதிவு பெற்ற சங்கமா? பதில் மழுப்பலாக இருந்தால் வேண்டாம்.

இரண்டு: விலங்கைத் தூக்கலாமா, ஊட்டலாமா, கட்டிப்பிடித்துப் படம் எடுக்கலாமா? "எடுக்கலாம்" என்று பதில் வந்தால் உடனே விலகுங்கள். காட்டு விலங்கைக் கொஞ்ச விடும் இடத்தில் ஆய்வு நடப்பதில்லை.

மூன்று: உரிய அனுமதி இருக்கிறதா? ராயல் பெலுமுக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

நான்கு: உள்ளூர்ப் பூர்வக்குடி வழிகாட்டிகளுக்கு ஊதியம் போகிறதா?

ஐந்து: பயிற்சி, காப்புறுதி, அவசர காலத்தில் வெளியேறும் ஏற்பாடு என்ன? பிள்ளைகளை அழைத்துப் போவதானால் குறைந்தபட்ச வயதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா நிகழ்ச்சியும் ஆண்டு முழுக்க நடப்பதில்லை. விடுப்புக்கு எழுதிக் கொடுக்கும் முன்பே தேதியை உறுதி செய்யுங்கள்.

புறப்படும்போது

ஈப்போவிலிருந்து கோலா கங்சார், லெங்கோங் வழியாக கிரிக் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கிரிக்தான் கடைசிப் பெரிய ஊர். பெட்ரோல், மருந்து, சாமான் எல்லாம் அங்கேயே வாங்கிவிடுங்கள். அதற்கப்பால் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் பாண்டிங் தீவு வரும். படகு அங்கிருந்துதான். அந்தச் சாலையில் யானை குறுக்கிடும், அதனால் இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம்.

ஆண்டுக் கடைசியில் மழை கனக்கும், அந்த மாதங்களைத் தவிருங்கள். அட்டைக்கு நீளமான காலுறை, கொசுவுக்கு முழுக்கைச் சட்டை. நம் காடுகளில் குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதனுக்குப் பரவும் மலேரியா உண்டு. போகும் முன் ஒரு மருத்துவரைப் பாருங்கள். வந்த பிறகு காய்ச்சல் கண்டால் காட்டுக்குப் போய்வந்ததை மறக்காமல் சொல்லுங்கள். கைப்பேசிச் சமிக்ஞை பல இடத்தில் கிடைக்காது. எங்கே போகிறோம், என்று திரும்புவோம் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

"ஒன்றுமே பார்க்கலையே!"

இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: புலியைப் பார்க்க மாட்டீர்கள். மூன்று நாள் நடந்தும் ஒரு சாணக் குவியல், நான்கு கால்தடம், தூரத்தில் ஒரு குரல், அவ்வளவுதான் கிடைக்கலாம். பிள்ளைகள் முகம் சுருங்கும். அப்போது அவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: "ஒன்றும் தெரியவில்லை" என்று தேதியும் இடமும் போட்டு எழுதினால் அதுவும் ஆய்வுதான். போன ஆண்டு இதே இடத்தில் ஐந்து, இந்த ஆண்டு சுழியம் என்றால்தான் ஏதோ நடக்கிறது என்று தெரியும். பார்த்ததை மட்டும் எழுதி, பார்க்காததை விட்டுவிட்டால் விலங்கு குறைவதே நம் கண்ணில் படாது.

ஜாவா காண்டாமிருகம் நம் தீபகற்பத்திலும் வாழ்ந்தது. 1932-ல் நம் பேராக்கில் சுடப்பட்ட ஒன்றுதான் இங்கே பதிவான கடைசி. சுமத்ரா காண்டாமிருகமும் இந்தக் காடுகளில் இருந்தது. மலேசியாவில் எஞ்சிய கடைசி ஒன்று 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. கடைசி விலங்கு செத்த தேதி நமக்குத் தெரிகிறது. ஆனால் பேராக் காட்டில் எந்தெந்த ஆண்டு, எந்தெந்தப் பக்கம் அவை குறைந்துகொண்டே வந்தன என்பதற்கு வரிசையான கணக்கு நம் கையில் இல்லை. புலிக்கும் அந்தக் கதி வரக்கூடாது.

கணக்கு நமக்குப் புதிதும் இல்லை. பெரட்டில் ஆள் கணக்கு, நிரையில் மரக் கணக்கு, கொட்டகையில் பால் கணக்கு என்று தினமும் கணக்கோடு வாழ்ந்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். சுங்கை சிப்புட், கோலா கங்சார் பக்கம் காட்டோரத் தோட்டங்களில் இருட்டோடு பால் வெட்டப் போனவர்களுக்கு, யானை எந்தப் பக்கம் இறங்கும், எந்தக் குரல் எந்தப் பறவை என்று தெரியும். தோட்டம் துண்டாகி, லயம் இடிந்து, எல்லாரும் தாமானுக்கு வந்தபோது அந்த அறிவும் எழுதப்படாமல் போய்க்கொண்டிருக்கிறது. "கடைசியா எந்த வருஷம் யானை வந்துச்சு, தாத்தா?" என்று கேட்டு, தோட்டத்தின் பெயரோடு கைப்பேசியில் பதிந்து வைப்பதும் தன்னார்வ ஆய்வுதான். அதற்கு அனுமதிக் கடிதம் தேவையில்லை, ஆனால் காலம் அதிகம் இல்லை.

பெலும் போக இந்த ஆண்டு வசதிப்படாவிட்டால் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். மலேசிய இயற்கைச் சங்கத்தின் 'மை கார்டன் பேர்ட்வாட்ச்' அரை மணி நேர வேலை: வீட்டுத் தோட்டத்திலோ அருகிலுள்ள பூங்காவிலோ உட்கார்ந்து, வரும் பறவைகளை எண்ணி அனுப்ப வேண்டும். அதற்கு இப்போதே பழகலாம். இந்த ஞாயிறு பசியாறிவிட்டு, பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து வாசலில் உட்கார வையுங்கள். மைனா எத்தனை, சிட்டுக்குருவி எத்தனை? சிட்டுக்குருவி ஒன்றுகூட வரவில்லையா? சுழியம் என்று எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.