வயல் வேலைக்கும் ஒரு பதிவேடு

வேலையில் பட்ட காயமும் வந்த நோயும் எழுத்தில் ஏறினால்தான் சட்டத்தின் பார்வைக்கு வரும். காயத்தால் 48 மணி நேரம் வேலைக்கு வர இயலாதவரைப் பற்றி ஆய்வாளருக்குத் தெரிவிக்க 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வழிசெய்தது. சிலிக்கோசிஸ் போன்ற நோயைக் கண்டறியும் மருத்துவருக்கும் அச்சட்டத்தில் அதே கடமை இருந்தது.

முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் மார்க்கையன்கோட்டையில் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கும் உழைப்பே மிகுதி. நடவுப் பெண்களின் சேற்றுப்புண், அரிவாள் வெட்டு, பாம்புக்கடி எதுவும் வேலைவிபத்தாக எழுதப்படுவதில்லை. மிகவும் மறைந்துபோவது பூச்சிமருந்தின் பாதிப்பு. ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்து நரம்புகளுக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குகிறது. தலைச்சுற்றலும் வாந்தியும் வியர்வையும் வரும். தெளித்தவரோ வெயில் தாக்கியதாக எண்ணி மோர் குடித்துப் படுத்துவிடுகிறார். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பில் கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போய்த் திரும்புவோருக்குச் சிக்கல் இன்னும் பெரிது: மருந்து பட்டது ஒரு மாநிலத்தில், மயக்கம் வருவது இன்னொரு மாநிலத்தில்.

நச்சுப் பாதிப்புகளைத் தெரிவிக்கும்படி அறிவிக்கை வெளியிட, 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 26ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. அத்தகைய அறிவிக்கையை ஆரம்ப சுகாதார நிலையம்வரை கொண்டுவர வேண்டும். நோயாளியின் வேலை, தெளித்த மருந்தின் பெயர், எத்தனை மணி நேரம், கையுறை இருந்ததா, எந்தத் தோட்டம் ஆகியவற்றைப் புறநோயாளிச் சீட்டிலேயே குறித்துவிடலாம்.